சுலபமாக ஏறிய நட்

ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இருக்கிறீர்கள். இறுகுகிறது, இன்னும் கொஞ்சம் இறுகுகிறது, அப்புறம் திடீரென்று கையில் இருந்த பாரம் காணாமல் போகிறது. நட் சுற்றுகிறது, ஆனால் எங்கும் போகவில்லை. காரடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது இது நடந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மரை போய்விட்டது. புத்தி பேதலித்தவனை ‘மரை கழன்றவன்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. அதை முதலில் சொன்னவர் அன்றைக்கு ஒரு காரடியில்தான் படுத்திருக்க வேண்டும். கழன்றது காருக்கா அவருக்கா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அன்று எனக்குப் போனது பிரேக் பைப்பின் மரை. முன்னாலிருந்து வரும் ஒரே பைப், பின்சக்கரங்களுக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பித்தளை யூனியன் இருக்கும். அதில் ஒரு பைப் துருப்பிடித்திருந்ததால் மாற்றினேன். எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் காரைப் பற்றிக் கொஞ்சம்.

1986-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பின்னால் டிரம் பிரேக். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அவர்கள்மேல் விழும். தப்பு முழுக்க எங்கள் மூன்று பேருடையது. மூன்று பேர் என்றால், எனக்கு முன் இதை வைத்திருந்த இருவரும் நானும். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, போல்ட்டைப் பார்த்தே இது யார் வேலை என்று இப்போது என்னால் சொல்ல முடியும். முதலாமவர் பொறுமைசாலி. சர்வீஸ் புத்தகத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு புள்ளி. இரண்டாமவர் ஒப்பேற்றுவதில் மன்னர். ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார். ஒரே மூடியை நான்கு விதமான ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். ஹோஸ் கிளாம்ப் ஒன்று ஒழுகினால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுவிடுவார். அவரைத் திட்டாமல் நான் ஒரு வேலையும் முடித்ததில்லை. ஆனாலும் கார் இத்தனை வருஷம் ஓடியது அவரால்தான் என்பதையும் மறுக்க முடியாது.

புத்தகத்தில் இருக்கும் காரை ரிப்பேர் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். பழைய காரில் அப்படி ஒரு கார் கிடையாது. அங்கே இருப்பவை முந்தைய ரிப்பேர்கள். அதனால் ‘இந்த மாடலுக்கு இந்தப் பார்ட் சேருமா’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். இந்த மாடலில் அல்ல, இந்தக் காரில், இன்றைக்கு இந்த இடத்தில் இருப்பதோடு சேருமா என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் பட்டியல் எதிலும் இல்லை. வெர்னியரை எடுத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, பிரேக் பைப்புக்கு வருவோம். பழைய பைப்பைக் கழற்றினேன். பைப்பின் நுனி, நட், எல்லாம் பத்திரமாக வெளியே வந்தன. மாதிரிக்கு அதையே கொண்டுபோய், அதே நீளம், அதே நட், அதே நுனி வளைவு என்று புதுப் பைப் செய்து வாங்கி வந்தேன். மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவதைவிடப் பாதுகாப்பான வழி உண்டா? அப்படித்தான் நினைத்தேன். விரலால் திருகியபோது நட் கடைசி வரைக்கும் வழுக்கிக்கொண்டு ஏறியது. துருப்பிடித்த காரில் ஒரு நட் இப்படி ஏறினால் சாமி கண் திறந்துவிட்டது என்றுதான் தோன்றும். அதன்பிறகு ஸ்பேனர் போட்டேன். மீதியை முதல் பத்தியில் படித்துவிட்டீர்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், பேச்சில் சிக்கனம். குனிந்து பார்த்தார், நட்டை வெளியே எடுத்தார், வேறு எதையும் கேட்கவில்லை.

“கையாலேயே கடைசி வரைக்கும் போச்சா தம்பி?”

“ஆமாண்ணே. அவ்வளவு ஸ்மூத்தா போச்சு.”

“அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.”

யூனியனின் இன்னொரு துளையில், மரை கெடாத துளையில், அதே நட்டை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, தலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். ஆடியது. பழுத்த பல் மாதிரி. அப்புறம் முன்பக்கத்து மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளுவது அதுதான்) இருந்த ஒரிஜினல் நட் ஒன்றைக் கழற்றி அங்கே வைத்து, அதே இரண்டு சுற்று ஏற்றினார். அது ஆடவில்லை.

வெர்னியரில் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. காரின் பிரேக் மரை எம்10 × 1. அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர், இதைத்தான் பிட்ச் என்பார்கள். என் கையில் இருந்தது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். 24 மரை என்றால் ஒன்றுக்கொன்று 1.058 மில்லிமீட்டர். இரண்டு மரைக்கும் கோணம் அதே 60 டிகிரி. ஐந்து சுற்று போன பிறகும் இடைவெளியில் 0.3 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. விட்டத்தில்தான் அரை மில்லிமீட்டர் குறைவு. அதனால் மரையின் நுனிகள் மட்டும் பித்தளையைக் கவ்விக்கொண்டு நின்றன. இறுக்கியதும் அதை வழித்து எடுத்துவிட்டன.

அந்த 3/8 நட்டைப் போட்டவர் இரண்டாமவர். அவர் போட்டபோது எப்படியோ ஒப்பேறியது. எத்தனை வருஷம் அந்த நுனிப் பிடிப்பிலேயே பிரேக் போட்டு ஓட்டினாரோ, நானும் எத்தனை மாதம் ஓட்டினேனோ. அவர் செய்த தப்பை மாதிரியாகக் கையில் பிடித்துக்கொண்டு, அதை அச்சுப் பிசகாமல் புதிதாகச் செய்து வாங்கி வந்தவன் நான். இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து, நுழைவது வேறு, பொருந்துவது வேறு என்பதை அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சேராத பார்ட் உள்ளே போகாமல் அடம்பிடித்தால் அது நல்ல பார்ட், உண்மையைச் சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போகிறவைதான் ஆபத்து. ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சில எஞ்சினில் மரை 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16. சிலவற்றில் எம்20 × 1.5. முன்னது 19.05 மில்லிமீட்டர். அந்த அளவு ஸ்டட்டில், அதாவது ஃபில்டர் ஏறும் மரைத் தண்டில், எம்20 ஃபில்டரை மாட்டினால் கையாலேயே ஏறும், ரப்பர் வளையம் அமுங்கி இறுகிய மாதிரியும் இருக்கும். ஆயில் பிரஷர் ஏறும்போது கழன்று போனால், எஞ்சினில் இருக்கும் ஆயில் முழுக்க ரோட்டில்தான். வீல் நட்டிலும் இதே கதை. எம்12-இல் 1.25 பிட்ச்சும் உண்டு, 1.5-உம் உண்டு. அங்கே நல்லவேளையாக இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடிக்கும். துரு என்று நினைத்து நீளமான லீவரைப் போட்டு முறுக்குகிறவர்களுக்குத்தான் அது உதவாது. மரை சரியாக இருந்தாலும் நட்டின் அடிப்பகுதி கூம்பா உருண்டையா என்று பார்க்க வேண்டும். கூம்பு வீலில் உருண்டை நட் போட்டால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும்.

எதிர்ப்பக்கத்தைப் பார் என்பதுதான் அண்ணனின் விதி. பழைய பார்ட் ஒரு சாட்சி, புத்தகம் இன்னொரு சாட்சி. இரண்டும் பொய் சொல்லலாம். எந்தத் துளையில் போகிறதோ, எந்த ஷாஃப்ட்டில் உட்காருகிறதோ, அதை அளந்துவிட்டால் அது பொய் சொல்லாது. ஒரு சின்ன பிட்ச் கேஜும் வெர்னியரும் இருந்தால் போதும். என் கருவிப் பெட்டியில் அதிகம் தேய்ந்தவை ஸ்பேனர்கள் அல்ல, இவை இரண்டும்தான்.

இத்தனை புலம்பிவிட்டேன், அதனால் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காருக்குள் பாதிப் பொருட்கள் அந்தக் காருக்காகச் செய்தவையே அல்ல. பேரிங் அதற்கு நல்ல உதாரணம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒருநாள் வண்டு மாதிரி ரீங்கரிக்க ஆரம்பித்தது. முழு ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள், அதுவும் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றார்கள். பிரித்துப் பார்த்தால் முன்னால் ஒரு பேரிங், பின்னால் ஒரு பேரிங். அழுக்கைத் துடைத்தால் முன்னதில் 6303, பின்னதில் 6201. அவ்வளவுதான். உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6303 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். தண்ணீர் மோட்டாரில் இருப்பதும் அதுவாக இருக்கலாம்.

இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாள் எனக்கு ஒரு திருநாள். கடைசி இரண்டு இலக்கம் 04-இலிருந்து தொடங்கினால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். 6205 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. நடுவில் வரும் 2 மெலிந்த தொடர், 3 தடித்த தொடர். அதனால் 6203-உம் 6303-உம் ஒரே ஷாஃப்ட்டில் ஏறும், ஆனால் முன்னதன் வெளிவிட்டம் 40-தான். எண்ணுக்குப் பின்னால் வரும் வாலையும் விடக்கூடாது. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். சூட்டில் விரியும் இடத்துக்காக அப்படிச் செய்கிறார்கள். வாலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் அதுவும் நுழையும், சில மாதம் கழித்துப் பாட ஆரம்பிக்கும்.

சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ஆயில் சீலும் அப்படியே. முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அச்சடித்திருக்கும். பெல்ட்டில் 4பிகே850 என்று இருந்தால் நான்கு வரி, நீளம் 850 மில்லிமீட்டர். எதையும் கழற்றியதும் முதலில் துடைப்பது, எண்ணைப் படிப்பது, நோட்டில் எழுதுவது. வெயிலில் போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரு சின்னத் தந்திரமும் உண்டு. புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் ஷாஃப்ட்டில் பழைய சீல் உட்கார்ந்த இடம் வளையமாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். இடம் இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி அடித்தால் அதன் உதடு தேயாத இடத்தில் உட்காரும். இதையும் அண்ணன்தான் சொன்னார்.

அளவு சரி, மரை சரி, எண் சரி. அப்படியும் கெட்டுப்போகிற ஒன்று உண்டு: ரப்பர். எல்லா ரப்பரும் கறுப்பாகத்தான் இருக்கிறது என்பது இந்தத் தொழிலின் பெரிய சாபம். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், வழக்கமாக இபிடிஎம் என்ற வகை. பிரேக் ஆயிலில் பல வருஷம் ஊறினாலும் ஒன்றும் ஆகாது. அதையே பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ போட்டால் ஊதிவிடும். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் தாங்கும் நைட்ரைல் ரப்பரோ நேர் எதிர், பிரேக் ஆயிலில் தாங்காது.

நம்பிக்கை வராமல் ஒரு இரவு சோதித்துப் பார்த்தேன். இரண்டாமவர் டிக்கியில் விட்டுப்போன டப்பாவில் பெயர் தெரியாத ஓ-ரிங்குகள் கிடந்தன. இரண்டை எடுத்து அளந்து, மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் போட்டு வெளியே வைத்தேன். காலையில் ஒன்று போட்டபடி இருந்தது. இன்னொன்று 20 மில்லிமீட்டர் வளையம், 24-ஐத் தாண்டி, தண்ணீரில் ஊறிய வெந்தயம் மாதிரி கொழகொழவென்று கிடந்தது. அந்த டப்பாவில் இருந்த ஓ-ரிங்குகள் அத்தனையையும் அன்றே தூக்கிப் போட்டேன்.

இங்கே பெயரே குழி தோண்டுகிறது. எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், ஆனால் வழக்கமாக ஊற்றும் அந்தத் திரவம் ஆயிலே அல்ல, கிளைக்கால் வகை. ஆயில்தானே என்று யாராவது பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஒரு மூடி ஊற்றி லெவல் ஏற்றிவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஆரம்பித்து நான்கு சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு ரப்பரும் ஊதிக்கொள்ளும். டப்பாவின் மேலே போடும் எண்ணும் குழப்பும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால். நடுவில் வரும் டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-உக்கும் 5.1-உக்கும் நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று நினைக்கும்படி பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-உக்கு 230. கிளைக்கால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு அவை 140, 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தால் அந்த வித்தியாசம் காலில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். காரில் செய்யும் வேலைகளில் இதைப் போலப் பலனும் சுலபமும் சேர்ந்தது குறைவு.

ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை தட்டும் வரை மிதிக்காதீர்கள். வழக்கமாக பிஸ்டன் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துருவும் படிவும் இருக்கும். நன்றாக இருந்த ரப்பர் உதடு அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டால் கவலை இல்லை.

பெட்ரோல் ஹோஸும் இதே வகைக் கதை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காலத்து ரப்பரை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ், மடக்கினால் வெடிப்பு விடும். கார்புரேட்டர் ஜெட்டில் கறுப்புத் தூள் வந்தால் முதலில் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும். புதிது வாங்கும்போது மேலே எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சடித்தது கேட்டு வாங்கினால் உள்சுவர் தாங்கும்.

ஸ்பார்க் பிளக் பற்றி ஒரு பத்தியில் முடிக்கிறேன், ஏனென்றால் இதில் விழாதவர்களே இல்லை. என்ஜிகே-யின் பிபி6இஎஸ் என்ற பிளக்கில் அந்த 6 சூட்டு எண், பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்துகிறது என்பதற்கு. வேகமாகக் கடத்தினால் குளிர்ந்த பிளக். என்ஜிகே-யிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் பிளக் சூடு. இதற்கு இணையானவை பாஷில் டபிள்யூ7டிசி, சாம்பியனில் என்9ஒய்சி, டென்சோவில் டபிள்யூ20இபி. ஒரு படி குளிர்ந்த பிளக் போடலாம் என்று கம்பெனி மாறும்போது எண்ணை ஏற்றினால் தலைகீழாகிவிடும். இன்னொன்று, அந்த ‘இ’ என்ற எழுத்து மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்கிறது. ‘எச்’ என்றால் 12.7. விட்டம் இரண்டுக்கும் 14 என்பதால் இரண்டும் ஏறும். குட்டைக்குப் பதில் நெட்டையைப் போட்டு ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் வந்து தட்டும் சத்தம் கேட்கலாம். இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை, நுழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்கிரேட் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய கார்புரேட்டர், அகல டயர், சத்தமான சைலன்சர் என்று மனம் பறக்கும். என் அனுபவத்தில் பழைய காருக்குப் பெரும்பாலான அப்கிரேட், தொலைந்துபோனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான். ஹெட்லைட்டைச் சொல்கிறேன். இரவில் என் காரின் வெளிச்சம் மெழுகுவத்தி மாதிரி இருந்தது. 60/55 வாட் எச்4 பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் போடச் சொன்னார்கள் பலர். போடுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். ஹெட்லைட் எரியும்போது பல்பின் காலில் 11.8. நடுவில் 2.1 வோல்ட் எங்கே போனது? டாஷ்போர்டு ஸ்விட்ச், டிம்மர், கறுத்துப்போன கனெக்டர்கள், மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த், எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றிருந்தன. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எனக்கு 15 சதவீதம் போயிருந்தது. அதாவது பாதியை விடக் கொஞ்சம் அதிகமான வெளிச்சத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 100 வாட் பல்ப் போட்டிருந்தால் கரண்ட் இன்னும் கூடி, இழப்பும் கூடி, ஸ்விட்ச் உருகியிருக்கும்.

சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்தான் ரிலே. இரண்டு ரிலே போட்டேன், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. 30-ஆம் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி ஒயர், 87-இலிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-உக்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் முதலில் போவது அதுவாக இருக்க வேண்டும். எர்த் ஒயரையும் புதிதாக, பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பிடித்தேன். இப்போது பல்பில் 13.5 வோல்ட். பல்ப் பழையதேதான். இரண்டாமவர் முறுக்கி டேப் ஒட்டிய மூன்று இணைப்புகள் அந்த வழியில் இருந்தன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை வெட்டிவிடும் பாயிண்ட்டை எடுத்துவிட்டு, அதே வேலையை ஒரு மாட்யூல் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் எனக்குப் பிடித்த மாற்றம்தான். ஆனால் மாட்டிய அன்றே நின்றுவிட்டது. காரணம் மாட்யூல் அல்ல. ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் இக்னிஷன் காயில் என் காரில் 1.5 ஓம் வகை, வோல்டேஜைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு வேலை செய்வது. ஸ்டார்ட் ஆன பிறகு காயிலுக்குக் குறைந்த வோல்டேஜ்தான் வரும். நான் மாட்யூலுக்கும் அங்கிருந்தே சப்ளை எடுத்திருந்தேன், அதுவோ முழு 12 வோல்ட் கேட்கும் ஆள். சாவியிலிருந்து தனி ஒயர் இழுத்ததும் சரியானது. பாயிண்ட்டையும் கண்டென்சரையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். ரோட்டில் நின்றால் பத்து நிமிஷத்தில் பழையபடி மாற்றலாம்.

டயரில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுத்தேன். 155/80 ஆர்13 இருந்த இடத்தில் 175/70 ஆர்13. மொத்த உயரம் 578-இலிருந்து 575 மில்லிமீட்டர், அரை சதவீத வித்தியாசம். ஸ்பீடோமீட்டருக்கே தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஜாக்கில் ஏற்றி இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். புதுசு என்று விற்கும் டயருக்குச் சில சமயம் ஸ்கூலில் சேர்க்கும் வயது ஆகியிருக்கும்.

செய்யாமல் விட்ட அப்கிரேட் ஒன்றும் உண்டு. ஈயம் இல்லாத பெட்ரோலுக்குப் பழைய எஞ்சின் ஹெட்டில் கெட்டியான வால்வ் சீட் போட வேண்டும் என்பார்கள். பெட்ரோலில் இருந்த ஈயம், வால்வும் சீட்டும் மோதும் இடத்தில் ஒரு மெத்தை மாதிரி இருந்தது உண்மை. 2021 ஜூலையில் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகத்தில் எங்குமே கார்களுக்கு அந்தப் பெட்ரோல் கிடையாது. ஆனால் என் எஞ்சினுக்கு அது தேவையா? சீட் தேய்ந்தால் வால்வ் உள்ளே இறங்கும், டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, குறைந்துகொண்டே போகும். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியை நான்கு வருஷமாக நோட்டில் எழுதி வருகிறேன். அசையவில்லை. ஹெட்டைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை, கழற்றவில்லை.

இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னாலும், ஜாக்கை மட்டும் நம்பி காரடியில் போகாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் வைத்த பிறகும் காரைப் பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். அமுங்கியபடி நிற்கும் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கை நான் தொடுவதில்லை, அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அவரும் அதைக் கழற்றும்போது பேசமாட்டார்.

பிரேக் யூனியனைப் புதிதாகவே மாற்ற வேண்டியிருந்தது. எம்10 × 1 நட்டோடு பைப்பையும் மறுபடி செய்தேன். விரலால் ஏற்றி, இரண்டு சுற்றில் நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகே ஸ்பேனர். ஏர் எடுத்து முடித்து, பெடலை நன்றாக மிதித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டிஷ்யூ பேப்பரை நட்டைச் சுற்றி ஒற்றி எடுத்தேன். காய்ந்தே இருந்தது.

அப்புறம்தான் தோன்றியது. என்றைக்காவது இந்தக் காரும் கை மாறும். நாலாமவர் காரடியில் படுத்துக்கொண்டு, இதை எந்தப் பாவி செய்தான் என்று கேட்பார். பைப்பில் ஒரு அட்டையைக் கட்டி, ‘எம்10 × 1. 3/8 இல்லை’ என்று மார்க்கரில் எழுதிவிட்டேன். முதலாமவர் நினைவாக நட்டின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்தேன். அடுத்த பிரேக் ஆயில் மாற்றும்போது பார்த்தால் இரண்டுமே போயிருந்தன. கிளைக்கால் பெயிண்ட்டையும் தின்னும் என்பதை மறந்திருந்தேன். இப்போது அங்கே ஒரு அலுமினியத் தகடு தொங்குகிறது, ஆணியால் கீறி எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல்தான், படுத்துக்கொண்டே எழுதியது.